உள்ள வந்து பாருங்க
திருப்பூர் பனியன் கம்பெனில ஆம்பள பொம்பள வித்தியாசமே இல்ல, எல்லாருக்கும் சமமா வேலை கிடைக்குதுன்னு கட்டுரைல எழுதிருக்கீங்க, கேட்டுக்கு வெளிய நின்னு பாத்தா அப்படித்தானுங்க தெரியும், உள்ள வந்தா கட்டிங், அயர்னிங் பூரா ஆம்பளைங்க, செக்கிங், பிசிறு வெட்டறது, டெய்லருக்கு துணிய மடிச்சுக் குடுக்கற கைமடி எல்லாம் பொம்பளைங்க நாங்க. ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு 1976லயே சட்டம் வந்துருச்சு, ஆனா வேலையவே பிரிச்சு வெச்சுட்டா சட்டம் என்னங்க பண்ணும்? நான் ஒம்பது வருசம் கைமடி, சாப்பாட்டு நேரத்துல பக்கத்து டெய்லரக்கா மெசின்ல வேஸ்ட் துணிய வெச்சு ஓவர்லாக், அதான் துணி ஓரம் பிரியாம அடிக்கற தையல் பழகிட்டு சூப்பர்வைசர்கிட்ட கேட்டா உனக்கெதுக்கும்மா இதெல்லாம்னாரு, அப்பறம் வேற கம்பெனி மாறித்தான் டெய்லர் ஆனேன். மேல கமெண்ட்ல ஒரு அண்ணா பொம்பளைங்க ஒன்றரை ஷிப்ட் பாக்க மாட்டேங்கறாங்க, அவங்களுக்கு அந்த வேலையெல்லாம் குடுக்காததுக்கு அதான் காரணம்னு போட்டிருக்காரு, ஏனுங்ணா, ராத்திரி வரைக்கும் எங்க புள்ளைய யாரு பாக்கறது? 50 பேரு வேலை செஞ்சா குழந்தைங்க காப்பகம் வெக்கோணும்னு 2017லயே சட்டத்துல சேத்தாச்சு, நான் இருந்த ரெண்டு கம்பெனிலயும் காப்பகம்னு போர்டு மாட்டுன ரூம்ல அட்டைப்பெட்டி தான் அடுக்கியிருந்துச்சு, துணி வாங்கற பையர் கம்பெனிக்காரங்க ஆடிட்னு சோதனைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் பெட்டிய நகத்திட்டு ஒரு தொட்டில் கட்டுவாங்க.