ஸ்கேனில் நிறம் இல்லையென்றால் வெட்டிவிடலாமா?

"எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) வந்த பிறகு நோயாளியை விழிக்க வைத்துச் செய்யும் மூளை அறுவை சிகிச்சைக்கே வேலையில்லை, படத்தில் நிறம் தெரியாத இடத்தைப் பயமில்லாமல் வெட்டலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி மிகை. இரண்டாம் பாதி ஆபத்து.

எஃப்எம்ஆர்ஐ நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ரத்த ஓட்டத்திலும் ஆக்சிஜனிலும் வரும் மாற்றத்தைத்தான் அளந்து, அந்த இடத்தைப் படத்தில் நிறமிட்டுக் காட்டுகிறது. மூளைக் கட்டிக்கு அருகில் இந்தக் கணக்கே குழம்பிவிடலாம். பேச்சுக்கு அவசியமான இடம்கூடப் படத்தில் வெறுமையாகத் தெரியலாம். நிறம் எவ்வளவு பரவுகிறது என்பதும், எவ்வளவு மாற்றம் இருந்தால் நிறமிடுவது என்று ஆய்வாளர் வைக்கும் வரம்பைப் பொறுத்ததுதான்.

அறுவை அரங்கில் நடப்பது வேறு. விழித்திருக்கும் நோயாளியிடம் ஒரு படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்பார்கள். அதே நேரத்தில் மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் பாயும். "இது... இது..." என்று திணறியவர், மின்சாரத்தை எடுத்ததும் "பூனை" என்கிறாரா? மறுபடி சோதித்தும் அப்படியே என்றால் அங்கே கை வைக்க மாட்டார்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஓஜெமன் குழு 117 பேரிடம் இப்படிச் சோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், மொழிக்கு இன்றியமையாத இடங்கள் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறியிருந்தன. பாடநூல் காட்டும் புரோக்கா, வெர்னிக்கே என்ற மொழிப் பகுதிகளின் எல்லைகளை மட்டும் நம்பிக் கத்தியை எடுக்க முடியாது.

அதற்காக எஃப்எம்ஆர்ஐ வீண் என்று சொல்லவில்லை. மொழி மூளையின் எந்தப் பக்கம் ஓங்கியிருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க நன்றாகவே உதவும். வெட்டலாமா என்ற கேள்விக்கு அது மட்டும் போதாது, அவ்வளவுதான்.