இரண்டாம் முறை வாங்கியது

மிகவும் பிடித்த ஒன்றை ஆசைதீரச் சாப்பிட்ட ஒரு நாளை நினைத்தால், மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்த ஆவியும், முதல் வாயிலேயே நாக்கு சுட்டும் துப்ப மனமில்லாமல் இடக் கன்னத்துக்கும் வலக் கன்னத்துக்கும் அதைத் தள்ளிக்கொண்டிருந்ததும், எதிரே இருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்ததும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன் என்பது தெரிகிறது. அதன் ருசி மட்டும் நினைவில் இல்லை.

இதை என் மறதி என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். உளவியலாளர் பால் ரோசினும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: ஒரு வேளை உணவில் ஒருவருக்கு மிகப் பிடித்த பதார்த்தத்தின் அளவை இரட்டிப்பாக்கினாலும், பிற்பாடு அவர் நினைவுகூரும் இன்பம் கூடுவதில்லை. நாக்கு அனுபவித்த நேரத்தை மனம் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை போலும்.

அதைவிட என்னை யோசிக்கவைத்தது 2014இல் எமிலி கார்பின்ஸ்கி குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஒரே தின்பண்டத்தைத் தொடர்ந்து தின்னும்போது, வயிறு நிறைவதற்கு முன்பே அந்தச் சுவை தெவிட்டத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தெவிட்டிய கடைசி வாய்கள்தாம் நினைவில் மேலேறி, முதல் வாயின் இன்பத்தை மறைத்துவிடுகின்றன. அதனால் நிறையத் தின்றவர்களுக்கு, அதையே மறுபடி தின்னும் ஆசை வரக் கூடுதல் நாள் பிடிக்கிறது. (பல பதார்த்தங்கள் கலந்த முழு உணவில் கடைசி வாய்க்கு இவ்வளவு செல்வாக்கு இல்லை என்பதையும் ரோசினின் ஆய்வு காட்டியது, ஒவ்வொரு சுவையும் தெவிட்டுமுன் அடுத்தது வந்துவிடுவது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.)

சாப்பிட்ட நினைவுக்கு இவ்வளவு அதிகாரமா என்று ஐயப்படுவோருக்கு ரோசின் குழுவின் 1998ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு: கடும் நினைவிழப்புக்கு ஆளான இருவர், சாப்பிட்டு முடித்த பத்து முதல் முப்பது நிமிடங்களில் மீண்டும் உணவு வைக்கப்பட்டபோது, எதுவும் நடவாததுபோல அதையும் சாப்பிட்டார்கள்.

ஆகவே, ஆசைதீரச் சாப்பிடுவது ஆசைக்கே செய்யும் துரோகம் என்று நான் எண்ணத் தொடங்கியிருக்கிறேன்; பிடித்ததைச் சாப்பிடும்போது, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இருக்கும்போதே எழுந்துவிடப் பார்க்கிறேன். சென்ற வாரம் அப்படி எழுந்தபோது தட்டில் இரண்டு கரண்டி மிச்சம் கிடந்தது. வீணாக்குகிறாயே என்று திட்டு வாங்கினேன். அந்தத் திட்டு நியாயமானதுதான். முதலிலேயே குறைத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.