மீன் தானாக மலை ஏறாது

சென்ற கோடையில் ராக்கி மலைத்தொடரில் ஓர் ஏரிக்கு நான்கு மணி நேரம் நடந்து போனேன். கட்த்ரோட் ட்ரவுட் மீனுக்குப் பெயர்போன ஏரி. தாடைக்கடியில் சிவப்புக் கீற்று ஓடும் அழகான மீன் அது. தூண்டிலை எடுக்கும் முன் கரையோரம் குனிந்து பார்த்தால், விரல் நீளத்தில் நூற்றுக்கணக்கான வெள்ளிக் குஞ்சுகள். ட்ரவுட் குஞ்சுகள் என்று மகிழ்ந்துபோனேன். சற்று உற்றுப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ட்ரவுட்டின் முதுகில் வாலுக்கு அருகே இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு கொழுப்புத் துடுப்பு எதற்குமே இல்லை. அவை கெண்டைக் குடும்பத்து மீன்கள். தூண்டிலில் இரையாகக் கோப்பதற்கு வாளியில் கொண்டுவருவார்களே, அந்த வகை.

“பறவை கொண்டுவந்து போட்டிருக்கும்” என்றார் உடன்வந்த நண்பர். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. முற்றிலும் பொய் என்று சொல்ல மாட்டேன். 2020-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் வாத்துகளுக்குக் கெண்டை இன மீன்களின் முட்டைகளை ஊட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 8,000 முட்டைகளில் 18 மட்டும் உடையாமல் வெளியே வந்தன. ஆனால் பனியாறுகள் பின்வாங்கி இந்த மேட்டு ஏரிகள் தோன்றிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அத்தனை காலமும் பறவைகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தன. பெரும்பாலான ஏரிகளில் மனிதன் வரும்வரை ஒரு மீன்கூட இல்லை. பறவைக்குத் திடீரென்று இப்போது மட்டும் என்ன சுறுசுறுப்பு?

கொண்டுவருவது மனிதன்தான். மீதமான இரைமீனைக் கொல்ல மனமில்லாமல் நீரில் கவிழ்த்துவிட்டுப் போகும் இளகிய மனக்காரர் ஒருவகை. தனக்குப் பிடித்த மீன் தன் ஏரியிலும் இருக்கட்டும் என்று இரவோடு இரவாகக் கொண்டுவந்து விடுபவர் இன்னொரு வகை. முதலாமவருக்காவது அறியாமை என்ற சாக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள யெல்லோஸ்டோன் ஏரியில் நடந்ததைப் பாருங்கள். 1890-இல் அரசே மிச்சிகன் ஏரியிலிருந்து லேக் ட்ரவுட் என்ற வேறொரு மீனைக் கொண்டுவந்து அருகிலிருக்கும் லூயிஸ் ஏரியில் விட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1994-இல், அதே இன மீன் யெல்லோஸ்டோன் ஏரியில் பிடிபட்டது. மீனின் காதுக்கல்லில் அது வாழ்ந்த நீரின் வேதியியல் பதிந்திருக்கும். அதை ஆராய்ந்தபோது அவற்றின் பூர்விகம் லூயிஸ் ஏரி என்று தெரிந்தது. கொண்டுவந்த கை யாருடையது என்பதைக் காதுக்கல் சொல்லாது.

அதன் பின்விளைவுதான் என்னை உறங்கவிடாதது. கட்த்ரோட் முட்டையிட ஆழமில்லாத ஓடைகளில் ஏறும். கரடியும் நீர்நாயும் விரால் அடிப்பான் என்ற மீன்தின்னிப் பறவையும் அங்கே காத்திருக்கும். லேக் ட்ரவுட்டோ கட்த்ரோட்டைத் தின்று கொழுத்து ஏரிக்குள்ளேயே முட்டையிடும். கரடிக்கு எட்டாது. கிளியர் கிரீக் என்ற ஓடையில் 1978-இல் 70,000-க்கும் மேற்பட்ட கட்த்ரோட் மீன்கள் ஏறின. 2007-இல் ஏறியவை 538. வறட்சிக்கும் ஒட்டுண்ணி நோய்க்கும் இதில் பங்கு உண்டு, ஆனாலும் பெரும்பழி லேக் ட்ரவுட்டுக்குத்தான். மீன் கிடைக்காத கரடிகள் எல்க் மான் குட்டிகளை அதிகமாக வேட்டையாடத் தொடங்கின. ஏரியில் விட்ட மீன் காட்டுக்குள் மான்குட்டியைக் கொன்றிருக்கிறது! இன்றுவரை படகுகளில் செவுள் வலை போட்டு லேக் ட்ரவுட்டை லட்சக்கணக்கில் அள்ளுகிறார்கள். அங்கே தூண்டிலில் அது சிக்கினால் திரும்ப விடக் கூடாது, கொன்றே ஆக வேண்டும் என்பது விதி.

கலிபோர்னியாவின் டேவிஸ் ஏரியில் 1994-இல் பைக் தென்பட்டது. வண்டி அல்ல, வாத்து அலகு போன்ற வாயும் ஊசிப் பற்களும் கொண்ட வேட்டை மீன். அது கீழே ஆறுகளில் இறங்கினால் சால்மன்களின் கதி அதோகதி. 1997-இல் ஏரி முழுவதும் ரோட்டினோன் நஞ்சு கலந்தார்கள். போர்ட்டோலா ஊருக்குக் குடிநீர் தந்த ஏரி அது. மக்கள் கொதித்தார்கள். சுமார் 90 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. 1999-இல் பைக் மறுபடியும் வந்தது. 2007-இல் மறுபடியும் நஞ்சு.

நஞ்சு கலப்பதை நான் ஆதரிக்கிறேன். மனம் ஒப்பித்தான் என்று சொல்ல மாட்டேன். செவுள்வழி மூச்சுவிடும் மற்ற உயிர்களும் அதில் சாகும் என்பது தெரியும். வேறு வழி சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் தூண்டில்காரர்கள் கைதட்டுவதற்கு முன் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் மேட்டு ஏரிகளில் ட்ரவுட்டும் வந்தேறிதான். கோவேறு கழுதை முதுகில் கேன்களில் ஏற்றியும், பிறகு விமானத்திலிருந்து கொட்டியும் நாம்தான் நிரப்பினோம். மஞ்சள்கால் தவளைகளின் தலைப்பிரட்டைகளை அவை தின்று தீர்த்தன. 2014-இல் அந்தத் தவளை அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலுக்குப் போனது. அங்குள்ள கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் வலை போட்டு ட்ரவுட்டை அகற்றிய ஏரிகளுக்குத் தவளைகள் திரும்பியிருக்கின்றன. அந்த வலைகளையும் நான் ஆதரிக்கிறேன். என் நண்பர்கள் பலருக்கு இது கசக்கிறது. நமக்குப் பிடித்த மீன் என்றால் செல்வம், பிடிக்காத மீன் என்றால் களை. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

அன்று எடுத்த படங்களை அங்குள்ள மீன்வளத் துறைக்கு அனுப்பினேன். ஏரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, உள்பெட்டிக்கு வந்தும் கேட்காதீர்கள். அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். ஏரியிலிருந்து வழியும் ஓடையில் மீன் ஏற முடியாத அருவி ஏதாவது பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். நான் ஓடைப் பக்கமே போகவில்லை. அவர் வரைபடத்தை விரித்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: அந்த ஓடை கீழே இன்னும் இரண்டு ஏரிகள் வழியாகப் போகிறதாம்.