14பி-யில ஒரு அரைமண்டி

சக்கரம் தரையில பட்டு ஒரு தூக்கு தூக்கிப் போட்டுச்சு. அடுத்த விநாடி என் காதுகிட்ட ஒரு 'டிக்'. பெல்ட்டைக் கழட்டுற சத்தம். முன்னால ஒரு டிக், பின்னால ரெண்டு டிக், அப்புறம் டிக்டிக்டிக்டிக்னு விமானம் முழுக்கச் சரவெடி. வண்டி இன்னும் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓடிக்கிட்டிருக்கு. பிரேக் புடிக்கிற புடியில எல்லார் தலையும் முன்னால சாயுது. அந்த நேரத்துல என் தோளை ஒரு விரல் தட்டுது.

"சார், கொஞ்சம்..."

கொஞ்சம் என்ன? வழியா? இது என்ன டவுன் பஸ்ஸா, சிக்னல்ல ஸ்லோ ஆகுறப்ப குதிக்கிறதுக்கு?

நேத்து ராத்திரி, டெல்லி - சென்னை. நான் 14சி, நடைபாதை ஓரம். அவர் 14பி, நடு சீட்டு. அயர்ன் பண்ணின சட்டை, மூக்குக்கண்ணாடி, கழுத்துல ஆபீஸ் அடையாள அட்டை. பார்த்தா மாசத்துக்கு நாலு தடவை பறக்கிற ஆள்னு தெரியுது. இதை ஏன் சொல்றேன்னா, முதல் தடவை ஏறுறவங்க யாரும் இந்த வேலையைப் பண்றதில்ல. 14ஏ ஜன்னல் சீட்டுல ஒரு பாட்டி. மகன் வீட்டுக்குப் போயிட்டுத் திரும்புறாங்க, வாழ்க்கையிலேயே ரெண்டாவது ஃப்ளைட்டு. போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. பெல்ட்டைப் போட்டு, மடியில கையைக் கோத்து வெச்சுக்கிட்டு, கோயில்ல உக்காந்த மாதிரி உக்காந்திருந்தாங்க. இந்த 'ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர்' கூட்டம்தான்...

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

"எங்க சார் போறீங்க?"

"பேக் எடுக்கணும்."

"மேலதானே இருக்கு? நின்னதும் எடுத்துக்கலாமே."

"இங்க இல்ல சார். பின்னால இருக்கு. 26ல."

புரியுதா? நாங்க 14. பை 26. கதவு முன்னால. அதாவது இவரு, ஒன்றரை அடிச் சொச்சம் அகலமுள்ள ஒரு சந்துல, 180 பேரு முன்னால வர்றப்ப, 12 வரிசை பின்னால போயி, பையை எடுத்துட்டு, திரும்ப 26 வரிசையும் தாண்டி முதல் ஆளா இறங்கணும். ஆடி வெள்ளத்துல எதிர்நீச்சல் போடுற கெண்டை மீனுகூட இவ்வளவு பெரிய திட்டம் போடாது.

பை ஏன் 26க்குப் போச்சுன்னும் எனக்குத் தெரியும். ஏறுறப்ப நான் பார்த்தேன். ஆளுக்கு ஒரு கைப்பை, 7 கிலோன்னு டிக்கெட்லயே போட்டிருக்கான். நம்மாளு கையில ஒரு சக்கரப் பெட்டி, தோள்ல லேப்டாப், இன்னொரு தோள்ல துணிக்கடைப் பை, அப்புறம் ஒரு ஸ்வீட் பாக்ஸ். இவருக்கு முன்னால ஏறின பத்துப் பேரும் இதே மாதிரி. மேல இருக்கிற பொட்டியில ஒருத்தர் ஒரு ஸ்வெட்டரைப் படுக்கப் போட்டு, தாலாட்டுப் பாடாத குறையா இடம் புடிச்சிருந்தார்.

ஜேசன் ஸ்டெஃபன்னு ஒரு இயற்பியல்காரர் 2008ல ஒரு கட்டுரை எழுதினார். விமானத்துல வேகமா ஆள் ஏத்தணும்னா, ஜன்னல் சீட்டுக்காரங்களை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையா பின்னால இருந்து ஏத்து, அப்புறம் நடு சீட்டு, அப்புறம் ஓர சீட்டுன்னு கணக்குப் போட்டுக் காட்டினார். பாவம், நல்ல மனுஷன். நடுச்சந்துல நின்னு, பையைத் திறந்து, சார்ஜரைத் தேடி, கிடைக்காம, பையை மூடி, திரும்பத் திறந்து, "ஏய், சார்ஜர் உன்கிட்ட இருக்கா?"ன்னு ஏழு வரிசை தள்ளி இருக்கிற மச்சானைக் கேக்குற ஆளுக்கு அந்தக் கணக்குல இடமே இல்ல.

நடுவுல இருந்த ரெண்டே முக்கால் மணி நேரத்தைப் பத்தி நான் பேசப் போறதில்ல. ஹெட்போன் இல்லாம ஓடின ரீல்ஸ் வீடியோவைப் பத்தி, அதுல ஒரே சிரிப்புச் சத்தம் நாப்பது தடவை வந்ததைப் பத்தி, எதுவும் சொல்லல. பின் சீட்டுல இருந்து என் கைப்பிடி மேல வந்து உக்காந்த ஒரு வெறுங்கால் பெருவிரலைப் பத்தியும் சொல்லல. நடு சீட்டுக்காரருக்கு ரெண்டு கைப்பிடியும் சொந்தம்ங்கிறதுகூட நான் ஒத்துக்கிட்ட தர்மம்தான். குடுத்துட்டேன். ரெண்டையும் குடுத்துட்டேன். மனுஷனுக்கு இன்னும் என்னதான் வேணும்?

முன்னால மடிப்பு சீட்டுல பெல்ட்டோட உக்காந்திருந்த பொண்ணு மைக்குல கெஞ்சுது. தயவுசெஞ்சு உக்காருங்க, விமானம் இன்னும் நிக்கல. எழுந்த பாதிப் பேரு உக்காந்தாங்க. நம்மாளு என்ன பண்ணினார் தெரியுமா? உக்காரவும் இல்ல, நிக்கவும் இல்ல. மேல பொட்டி இடிக்குது, அதனால தலை குனிஞ்சிருக்கு. கீழ சீட்டு இருக்கு, ஆனா அதுல உக்காந்தா மானம் போயிடும். முழங்காலை மடக்கி, இடுப்பை அந்தரத்துல நிறுத்தி, முன் சீட்டோட உச்சியைப் புடிச்சுக்கிட்டு ஒரு நிலை. அரைமண்டி! சாட்சாத் அரைமண்டி! பரதநாட்டிய வகுப்புல பிள்ளைங்க ரெண்டு நிமிஷம் நின்னா கால் வலிக்குதுன்னு அழும். இவரு எட்டு நிமிஷம் நின்னார். புடிச்ச புடியில முன் சீட்டு அம்மாவோட முடியும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. அவங்க திரும்பிப் பார்த்தாங்க. இவரு என்னைப் பார்த்தார், நான்தான் இழுத்த மாதிரி.

அந்த நிலையிலேயே போன். ஸ்பீக்கர்ல.

"ஆங், லேண்ட் ஆயிட்டேன்... இல்ல இல்ல, இன்னும் இறங்கல... சாப்பாடா? தோசை போதும்... மாவு புளிச்சிருக்கா? ஊத்தப்பமா ஊத்திடு... தேங்காய்ச் சட்னி வேணாம், நெஞ்சைக் கரிக்குது. தக்காளி வை."

14வது வரிசைக்கு முன்னால நாலு, பின்னால நாலு வரிசை வரைக்கும் இப்ப எல்லாருக்கும் தெரியும், அந்த வீட்டுல மாவு புளிச்சிருச்சு. அதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்கிட்டேன். அப்புறம்தான் அது வந்துச்சு.

"எங்கடி வர்றது? பக்கத்துல ஒரு ஆளு அசையவே மாட்டேங்குறான். கல்லுப் புள்ளையார் மாதிரி உக்காந்திருக்கான்."

உக்காந்திருக்கான்!

என்கிட்ட 'சார்'. பொண்டாட்டிகிட்ட 'கான்'. என் காதுக்கும் அவர் வாய்க்கும் நடுவுல முழுசா ஒரு சாண்கூட இல்ல. அந்த ஒரு சாண் தூரத்துல என் மரியாதை சாருல இருந்து கானுக்கு இறங்கிடுச்சு. விமானம்கூட அவ்வளவு வேகமா இறங்கல.

திருப்பிக் கேட்டிருக்கலாமேன்னு நீங்க நினைப்பீங்க. கேட்டா என்ன ஆகும்? 2017ல இருந்து நம்ம ஊர்ல விமானத் தடைப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு. மூணு படி. வாய்த்தகராறுக்கு 3 மாசம் வரைக்கும் பறக்கத் தடை, கை வெச்சா 6 மாசம் வரைக்கும், உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி நடந்தா 2 வருஷமோ அதுக்கு மேலயோ. ஓடுற விமானத்துல அரைமண்டி போட்டவர் ஊத்தப்பம் சாப்பிடப் போயிடுவார். 'ஏன்யா இப்படி?'ன்னு சத்தம் போட்ட நான் முதல் படியில மாட்டிக்குவேன். துருக்கியில 2025ல இருந்து, விமானம் நிக்கிறதுக்குள்ள எந்திரிச்சா அபராதம்னு கொண்டுவந்துட்டாங்க. படிச்சப்ப 'இதுக்கெல்லாமா அபராதம்?'னு சிரிச்சேன். இப்ப அந்த நாட்டுக்கு ஒரு கும்பிடு போடணும்போல இருக்கு.

அப்பதான் ஜன்னலோரப் பாட்டி வாயைத் திறந்தாங்க. ரொம்ப அக்கறையா, ஊருக்கே கேக்குற குரல்ல.

"ஏந்தம்பி, ரொம்ப நேரமா நெளியுறியே. வயிறு கியிறு சரியில்லையா? கக்கூஸ் போவணுமா?"

ஸ்பீக்கர்ல இருந்து உடனே பதில்: "யாருக்கு? யாருக்கு வயிறு சரியில்ல? தோசை வேணாமா அப்ப?"

பாட்டி, நீங்க நல்லா இருக்கணும். பேரன் பேத்தி எடுத்து... எடுத்துட்டீங்க. கொள்ளுப்பேரன் எடுக்கணும்.

விமானம் நின்னுச்சு. சீட் பெல்ட் லைட்டு அணைஞ்சுது. இப்ப மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு, கழுத்தைச் சாய்ச்சு, ஒருத்தர் முதுகுல ஒருத்தர் மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது. கதவு திறக்கல. திறக்காது சார்! எஞ்சினை நிறுத்தணும், சக்கரத்துக்குக் கட்டை குடுக்கணும், கதவுல இருக்கிற அவசரச் சறுக்கை முடக்கணும், படிக்கட்டு வண்டி வந்து ஒட்டணும். நீங்க நெட்டித் தள்ளுறதால இதுல எதுவும் ஒரு விநாடிகூட முன்கூட்டி நடக்காது. இது தெரியாதவங்களா இவங்க? மாசம் நாலு தடவை!

எரிச்சலே இதுலதான். ஒரு புது விமான மாடலுக்கு அனுமதி குடுக்கிறதுக்கு முன்னால, பாதிக் கதவை அடைச்சு, விளக்கைக் குறைச்சு, 90 விநாடிக்குள்ள எல்லாரும் வெளியேற முடியுமான்னு சோதிக்கிறாங்க. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவுல ஜப்பான் விமானம் ஒண்ணு தீப்புடிச்சு ஓடி நின்னுச்சே, அதுல இருந்த 379 பேரும் உயிரோட இறங்கினாங்க. பையை அங்கேயே விட்டுட்டு இறங்கினாங்க. 2016 ஆகஸ்ட்ல திருவனந்தபுரத்துல இருந்து போன விமானம் துபாய்ல தரையில மோதினப்ப, உள்ள புகை மண்டுது, நம்மாளுங்க மேல இருந்து பை இறக்குற வீடியோவை உலகமே பார்த்துச்சு. பயணிகள் அத்தனை பேரும் தப்பிச்சுட்டாங்க. தீயணைக்க வந்த ஒருத்தர்தான் போய்ச் சேர்ந்தார். அந்த வீடியோ ஞாபகம் வந்தப்ப 14பி-யைத் திரும்பிப் பார்த்தேன். இவரு நெருப்புலயும் 26க்குதான் போவார்னு தோணுச்சு.

நான் எந்திரிச்சு வழி விட்டேன். விட்டுட்டேங்க. கல்லுப் புள்ளையார் நகர்ந்துட்டார். போனார். 17 வரைக்கும் போனார். அங்க ஒரு குடும்பம், தூங்குற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு. 17ல மாட்டிக்கிட்டு, முன்னாலயும் போக முடியாம, பின்னாலயும் போக முடியாம, எல்லாரும் இறங்குற வரைக்கும் யாரோ ஒருத்தர் மடியில பாதி உக்காந்திருந்தார். நான் பாட்டியோட பையை எடுத்துக் குடுத்து, மெதுவா நடத்திக் கூட்டிக்கிட்டு இறங்கினேன்.

கீழ பஸ்ஸு. இந்தக் கொடுமையை நீங்களும் பார்த்திருப்பீங்க. முண்டியடிச்சு முதல்ல இறங்கினவன் பஸ்ஸுக்குள்ள போயி, கடைசி ஆள் வர்ற வரைக்கும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பான். கடைசியா ஏறினவன் கதவோரமா நின்னு முதல்ல இறங்குவான். 14பி கடைசியா ஓடி வந்து, படியில ஏறி, கதவோரம் நின்னுட்டார். பஸ் நின்னதும் முதல் ஆளா இறங்கினார்.

ஆமா. அவருதான் ஜெயிச்சார்.

லக்கேஜ் பெல்ட்டுகிட்ட போய்ப் பார்த்தா, முதல் வரிசையில, தள்ளுவண்டியைப் பெல்ட்டோட ஒட்டி நிறுத்தி, யாரும் எட்டிப் பார்க்க முடியாம கோட்டை கட்டி நிக்கிறார். இவ்வளவு அவசரமும் எதுக்கு? இவருக்கு செக்-இன் லக்கேஜும் இருக்கு! முப்பத்தஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் அதே காலிப் பெல்ட்டைப் பார்த்துக்கிட்டு நின்னோம். அதே அனாதை நீலப் பெட்டி பத்துத் தடவை சுத்தி வந்துச்சு. என் பெட்டி வந்துச்சு, எடுத்தேன். திரும்பினேன்.

"சார், சார், அந்த அட்டைப்பெட்டி நம்மளுது. கொஞ்சம் புடிங்களேன்."

நைலான் கயிறு கட்டின அட்டைப்பெட்டி. அவர் கையில போன், அதுல "கார்ல ஏறியாச்சா?"ன்னு அதே குரல். நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைக்கிறீங்க? புடிச்சேன். இருபது கிலோ இருக்கும். தூக்கி அவர் வண்டியில வெச்சேன். கயிறு உள்ளங்கையில கோடு போட்டுச்சு. இப்ப எழுதுறப்பகூட எரியுது.

"தேங்க்ஸ் சார்"னார். திரும்பவும் சார் ஆயிட்டேன். போன்ல சொன்னார், "ஒரு நல்ல மனுஷன் எடுத்துக் குடுத்தார்டி."

குடுத்தார்! சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. தள்ளுவண்டியைப் புடிச்சுக்கிட்டுத் தனியா நின்னு பைத்தியம் மாதிரி சிரிச்சேன். செக்யூரிட்டி ஒரு மாதிரியா பார்த்தார்.

வெளிய வந்து வண்டி புக் பண்ணினேன். மணி 12.50. ரெண்டு நிமிஷத்துல டிரைவர் போன்.

"சார், டிராப் எங்க?"

ஆப்லயே இருக்கே அண்ணே, மடிப்பாக்கம்.

"எவ்ளோ காட்டுது?"

430.

"கேஷா, ஜிபேவா?"

ஜிபே.

டொக்.