பேட்ஜரைச் சுட்டால் மாட்டு லாரி நின்றுவிடுமா?

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவனில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் ஒரு பால் பண்ணை. போன மாதம் அங்கே காசநோய்ப் பரிசோதனை நடந்தது. மாட்டின் கழுத்தில் இரண்டு இடங்களில் மயிரைக் கத்தரித்து ஊசி போடுகிறார்கள்: மேலே பறவைக் காசநோய்க் கிருமியின் சாறு, கீழே மாட்டுக் காசநோய்க் கிருமியின் சாறு. மூன்றாம் நாள் தோல் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளக்கிறார்கள். கீழ்த்தடிப்பு மேலதைவிடக் குறிப்பிட்ட அளவு மிஞ்சினால் அந்த மாட்டைக் கொன்றாக வேண்டும். நான்கு மாடுகள் சிக்கின. ஒன்று நிறைசினை. வண்டியில் ஏற்றக் கூடாது என்பதால் பண்ணையிலேயே சுட்டார்கள். அதற்கு முன், பண்ணைக்காரர் அதன் கழுத்துத் தடிப்பை விரலால் வருடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இந்த வேதனைக்கு அரசு தந்த பதில் பேட்ஜர் வேட்டை. வெள்ளை முகத்தில் இரண்டு கருங்கோடுகள், வளைக்குள் கூட்டுக் குடும்பம், இரவெல்லாம் மண்புழு தேடும் பிராணி. 1971இல் க்ளாஸ்டர்ஷயரில் செத்துக் கிடந்த ஒன்றில் மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கண்டார்கள். 2013 முதல் இங்கிலாந்தில் 2,30,000க்கும் மேற்பட்டவற்றைக் கொன்றாகிவிட்டது.

பேட்ஜரிடமிருந்து மாட்டுக்கு நோய் வருவது உண்மை. மாட்டிடமிருந்து பேட்ஜருக்குப் போவதும் உண்மை. 1998இல் தொடங்கி ஏழாண்டுகள் நடந்த பெரிய பரிசோதனையில் சுமார் 11,000 பேட்ஜர்களைக் கொன்று பார்த்தார்கள். திட்டமிட்டுத் தொடர்ந்து கொன்ற பகுதிக்குள் நோய் ஓரளவு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த பண்ணைகளில் கூடியது. குடும்பம் சிதைந்ததும் மிஞ்சியவை எல்லை மீறி அலைந்தன, கிருமியும் கூடவே போனது. இந்தக் கொலையால் சொல்லிக்கொள்ளும்படி பயனில்லை என்று ஜான் போர்ன் தலைமையிலான அறிவியல் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. ஆறே ஆண்டுகளில் துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

வேட்டை நடந்த பகுதிகளில் நான்காம் ஆண்டுக்குள் நோய் 56 சதவீதம் குறைந்ததாக 2024இல் வந்த ஆய்வை எடுத்துக் காட்டுவார்கள். அதே ஆண்டுகளில் மாடுகளுக்கான கெடுபிடிகளும் இறுகின. எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

என் கோபம் அந்தத் தோல் பரிசோதனை மீதுதான். நோயுள்ள ஐந்து மாடுகளில் ஒன்றையாவது அது கோட்டைவிடுகிறது. தப்பிய மாடு மந்தையிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், நாளை சந்தைக்கும் போகும். 2001இல் கோமாரி வந்தபோது காசநோய்ப் பரிசோதனையை நிறுத்தி வைத்தார்கள். காலியான தொழுவங்களை நிரப்ப வெளியூர் மாடுகளை வாங்கி லாரியில் கொண்டுவந்தார்கள். நோய் வடக்கே கம்ப்ரியா வரை போனது. அவ்வளவு தூரம் எந்த பேட்ஜரும் நடக்கவில்லை.

உங்கள் இடது தோளில் பிசிஜி தழும்பு இருக்கிறதா? அந்தக் காசநோய்த் தடுப்பூசி, மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் வளர்த்து வளர்த்து வீரியம் இழக்கச் செய்து உண்டாக்கியது. 1921இல் மனிதக் குழந்தைக்குப் போட்டார்கள். நூறாண்டு கழித்தும் மாட்டுக்குப் போட அனுமதியில்லை! போட்டால் நோயற்ற மாடும் தோல் பரிசோதனையில் நோயுள்ளதாகக் காட்டும் என்பதுதான் தடை. இரண்டையும் பிரித்தறியும் புதிய சோதனைக்கான கள ஆய்வு 2021இல்தான் தொடங்கியது. பணத்தையும் அவசரத்தையும் அங்கே கொட்டியிருக்க வேண்டும்.

2029க்குள் வேட்டையை முடிப்பதாக இப்போதைய அரசு சொல்கிறது. பக்கத்துப் பண்ணைக்கு அறுபது நாள் கழித்து மறுபடி ஊசியோடு வருவார்கள். மிச்ச மாடுகளின் கழுத்தில் கத்தரித்த மயிர் இன்னும் முழுதாக வளரவில்லை.