நிக்கோபாரில் வெட்டி ஹரியானாவில் நடுவதாம்

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் போதும், கன்றும் மண்வெட்டியுமாக நிற்கும் படங்கள் முகநூலை நிறைத்துவிடும். நானும் நின்றிருக்கிறேன். எங்கள் ஏரிக்கரையில் ஆறு பேர் சேர்ந்து ஒரே கன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மறுவாரம் அதை ஆடு தின்றுவிட்டது. அது போகட்டும்.

எனக்குக் கன்றோடு சண்டை இல்லை. அங்கே வெட்டியதை இங்கே நட்டால் கணக்கு நேராகிவிடும் என்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்டுவதற்கு 130 சதுர கிலோமீட்டர் காட்டைத் தர 2022-ல் கொள்கையளவில் அனுமதி கொடுத்தார்கள். ஒன்றிய அரசு சொன்ன கணக்கிலேயே 9.64 லட்சம் மரங்கள். ஈடாக நடுவதற்குக் காட்டிய இடம் ஹரியானா! கடலோரக் காட்டில் மணலையும் சருகையும் குவித்து முட்டையிடும் நிக்கோபார் மெகபோடு பறவை, ரயிலேறி அங்கே போய்விடுமா?

சரி, நடுவதால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பவர்கள் ஒருமுறை நீலகிரியின் மேல்மலைக்குப் போய்வர வேண்டும். அங்கே மலை மடிப்புகளில் சோலை என்னும் அடர்காடு, சரிவுகளில் புல்வெளி. உறைபனி விழும் திறந்த வெளியில் சோலைமரக் கன்றுகள் பிழைப்பது அரிது. அதனால் புல் புல்லாகவே இருந்தது. மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடைக்கு விட்டது அந்தப் புல்தான். தோடர்களின் எருமைகளும் வரையாடும் மேய்ந்ததும் அதில்தான். வெள்ளைக்காரன் அதைச் சும்மா கிடக்கும் நிலம் என்று எண்ணினான். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று வாட்டில் எனப்படும் சீகையும் யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நிறுத்தவில்லை, இன்னும் வேகமாக நட்டோம். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே பச்சை. சுற்றுலா வருபவர்கள் அதைக் காடு என்றே நம்பிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். செயற்கைக்கோளும் ஏமாந்துதான் போகும் என்று நினைக்கிறேன்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவான புல்வெளியை மூடிவிட ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. இப்போது வெட்டலாம் என்றாலும் சீகை விடுவதாக இல்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே மரத்தை எடுத்து வெயில் பட்டதும் நாற்றங்கால் போலக் கிளம்பிவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஆள் வைத்துப் பிடுங்கினால்தான் உண்டு. அதற்கு யாராவது போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். படம் எடுக்கவும் ஒருவரைக் கூட்டிக்கொள்வோம்.