ஃப்யூயல் செல் இருக்கட்டும், பின்சீட்டுக்குப் பின்னால் தகடு எங்கே?

ஒரு கடை புதுப்பித்துக் கொடுத்த 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் காரின் வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் மிச்சமில்லை. பார்த்தேன். பெயின்ட் வேலை அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் கீழே நான் கேட்டது ஒரே கேள்வி: பின்சீட்டுக்குப் பின்னால் தகடு அடித்திருக்கிறீர்களா? வந்த பதில்களை நீங்களே படித்திருப்பீர்கள். பொறாமை, வயிற்றெரிச்சல், அடுத்தவன் உழைப்பைப் பார்த்துப் பொறுக்காதவன். சொல்லிவிட்டுப் போகட்டும். கேட்ட கேள்விக்கு மட்டும் இந்த நிமிடம் வரை பதில் இல்லை.

"ரேசிங் ஃப்யூயல் செல் போட்டாச்சு, இனி பின்னால் எவன் இடித்தாலும் கவலையில்லை" என்று வீடியோவில் சொல்கிறார்கள். ஃப்யூயல் செல் என்றால் மோதலில் கிழியாதபடி செய்த ரேஸ் கார் பெட்ரோல் டேங்க். இந்த ஒரு வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்ரோலுக்கும் ஆளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள். பெட்ரோல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை அப்புறம் பேசலாம்.

1965, 66 மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்க்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. டேங்க்கை மேலிருந்து இறக்கி, சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். நாம் சூட்கேஸ் வைப்பது நேராக டேங்க்கின் முதுகில். பெட்ரோல் ஊற்றும் கழுத்து பின்தகட்டின் நடுவிலிருந்து டிக்கிக்குள் வந்து, ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேங்க்கில் சேர்கிறது. பின்னாலிருந்து பலமான இடி விழுந்தால் அந்தக் கழுத்து பிய்த்துக்கொள்ளும். 16 காலன், அதாவது 60 லிட்டர், டிக்கிக்குள் கொட்ட வழி திறந்துவிடும். டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் கம்பெனி வைத்தது கூப்பே மாடலில் வெறும் அட்டை. கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் மாடலில் மடக்கு சீட்டுக்காக ஒரு கதவே உண்டு. மோதலில் எரிபொருள் கசியக் கூடாது என்ற 301ஆம் எண் விதி அமெரிக்காவில் அமலுக்கு வந்ததே 1968இல். அதுவும் முதலில் முன்பக்க மோதலுக்கு மட்டும். பின்பக்க மோதல் அதில் சேர்ந்தது 1977 மாடல்களிலிருந்துதான்.

ஆக, அந்தக் காரில் டேங்க் பாதிக் கோளாறு, அட்டை மீதிக் கோளாறு. டேங்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு அட்டையை விட்டு வைத்திருக்கிறீர்கள்.

தகடு அடிப்பது பெரிய வித்தையில்லை. 20 கேஜ் இரும்புத் தகடு, 0.9 மில்லிமீட்டர். முதலில் அட்டையில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். பின்சீட்டின் முதுகுச் சட்டத்துக்கு ஒன்று, மேலே ஸ்பீக்கர் வைக்கிற தட்டுக்கு ஒன்று. ஓரத்தை மடக்கி, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு ரிவெட். பலரும் கோட்டை விடுவது சக்கர வளைவுக்கு மேலே இருக்கிற இரண்டு மூலைகளிலும், பழைய ஸ்பீக்கர் ஓட்டைகளிலும், வயர் போகிற துளைகளிலும். எல்லாவற்றையும் தீ தாங்கும் சீலன்ட் வைத்து அடையுங்கள், வயர் துளைக்கு க்ரோமெட் என்கிற ரப்பர் வளையம் போடுங்கள். முடித்த பிறகு ராத்திரியில் டிக்கிக்குள் ஒரு டிரபிள் லைட்டை எரியவிட்டு, டிக்கியைச் சாத்திவிட்டு, காருக்குள் இருட்டில் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே தீயும் வரும். ஊசிமுனை அளவுக்குத் தெரிந்தாலும் மறுபடி அடையுங்கள்.

"எடை கூடிவிடும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மொத்தத் தகடும் சேர்ந்து ஐந்து கிலோ. மேலே பேச ஒன்றுமில்லை.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். வீடியோவில் இருப்பது ஓர் அலுமினியப் பெட்டி, உள்ளே ஃபோம். அதை ஃப்யூயல் செல் என்று விற்கிறார்கள். அது ஃபோம் போட்ட டேங்க், அவ்வளவுதான். செல் என்றால் வெளியே இரும்பு அல்லது அலுமினியக் கூடு, உள்ளே ரப்பர் பூசிய நெய்த துணியால் ஆன பை, பைக்குள் ஃபோம், மேலே கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வுகளோடு ஒரு பிளேட். கூடு நசுங்கினாலும் பை கிழியாமல் வளைந்துகொடுக்க வேண்டும். அந்தப் பையில், உலகக் கார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவின் தர எண்ணாக, எஃப்ஐஏ எஃப்டி3-1999 என்றோ, அதைவிட வலுவான எஃப்டி3.5, எஃப்டி5 என்றோ அச்சிட்டிருக்கும், தயாரித்த தேதியும் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து ஐந்து வருடம்தான் கணக்கு. தயாரித்த கம்பெனியே சோதித்துச் சான்று கொடுத்தால் இன்னும் இரண்டு வருடம். அச்சு இல்லாத பெட்டியை ரேசிங் செல் என்று சொல்லாதீர்கள், டேங்க் என்று சொல்லுங்கள். அப்போதுதான் வாங்குகிறவனுக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்று தெரியும்.

அதை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. மெல்லிய தகரப் பட்டை இரண்டு, டிக்கித் தகட்டில் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ. கணக்குப் போடுங்கள். 60 லிட்டர் பெட்ரோல் 45 கிலோவுக்குச் சற்றே குறைவு. மோதலில் 20 ஜி விசை, அதாவது எடையைப் போல 20 மடங்கு, வந்தால் அது 900 கிலோவாகி முன்சீட்டைப் பார்த்து வரும். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் கடித்திருக்கும் ஸ்க்ரூ அதைப் பிடிக்குமா?

டேங்க்கை எடுத்ததும் அங்கே தரையே இல்லை. அதனால் இரண்டு பக்கச் சேசிஸ் ரெயிலுக்கும் நடுவில் 25 மில்லிமீட்டர் சதுர பைப்பில், சுவர் கனம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல், சட்டம் கட்டி வெல்டிங் செய்ய வேண்டும். ரெயிலை வெட்டாதீர்கள். செல் அந்தச் சட்டத்துக்குள் உட்கார வேண்டும், அதன் அடிப்பாகத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஆறு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். மேலே 25க்கு 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை, நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு. 10 மில்லிமீட்டர் போல்ட், 10.9 தரம், அதிர்வில் தளராத நைலாக் நட். தகட்டில் போல்ட் போடும் இடத்தில் மறுபக்கம் உள்ளங்கை அகலத்துக்கு 3 மில்லிமீட்டர் பிளேட் கொடுங்கள். பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவே ரப்பர் ஷீட் கட்டாயம். இல்லையென்றால் அதிர்விலேயே பட்டை கூட்டை அரம் போல் ராவிவிடும். கூட்டில் எங்கேயும் துளை போடக் கூடாது. உள்ளே இருப்பது பை.

பெட்ரோல் ஊற்றும் வழியில் ஃபோர்டு செய்த அதே தவறைத் திரும்பச் செய்யாதீர்கள். பாடியில் மூடி, அங்கிருந்து செல்லுக்கு விறைப்பான இரும்புக் குழாய் என்று வைத்தால், பின்தகடு நசுங்கும்போது குழாய் செல்லின் பிளேட்டையே பெயர்த்துக்கொண்டு போகும். நடுவில் வளையக்கூடிய ஹோஸ் வேண்டும், கொஞ்சம் தளர்வாக, இரண்டு முனையிலும் இரட்டைக் கிளாம்ப். ஹோஸ் பிய்ந்தாலும் பெட்ரோல் வெளியே வராதபடி பிளேட்டில் ஃப்ளாப் வால்வு இருக்க வேண்டும். மூடி காற்றுத் துளை இல்லாததாக இருக்கட்டும். இன்னொன்று, ரப்பர் ஹோஸ் போட்டால் மூடியின் வளையம் சேசிஸிலிருந்து மின்சாரரீதியாகத் துண்டிக்கப்பட்டுவிடும். பங்க்கில் ஊற்றும்போது உண்டாகும் நிலை மின்சாரம் எங்கே போகும்? மூடி வளையத்திலிருந்து செல் பிளேட்டுக்கும், பிளேட்டிலிருந்து சேசிஸுக்கும் எர்த் வயர் கொடுங்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.

காற்றுக் குழாய் அரை அங்குலம். கவிழ்ந்தால் மூடும் வால்வு அதில் இருக்க வேண்டும். செல்லின் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கமாகப் போய், தரை வழியாக வெளியே, செல்லின் அடிமட்டத்துக்கும் கீழே முடிய வேண்டும், சைலன்சருக்கு எட்டாத பக்கத்தில். வீடியோவில் அந்தக் குழாய் டிக்கிக்குள்ளேயே முடிகிறது. ஆவி முழுக்க டிக்கியில் தங்கும், பக்கத்திலேயே லைட் வயர் ஓடுகிறது.

பெட்ரோல் எடுக்கும் வழி மேல் பிளேட்டிலிருந்து. அடியில் துளை உள்ள செல்லை வாங்காதீர்கள், ரோட்டில் முதலில் அடிபடுவது அந்த நிப்பிள்தான். பிளேட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில், செல்லோடு வரும் தாளில் போட்ட அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அந்த அளவு பெரும்பாலும் இன்ச்-பவுண்டில் இருக்கும். அதை ஃபுட்-பவுண்ட் என்று படித்து முடுக்கினால் கேஸ்கெட் பிதுங்கிவிடும்.

அளவு காட்டும் முள்ளைப் பற்றி அவர்கள் பெருமையாகக் காட்டியதையும் சொல்லிவிடுகிறேன். 66 மஸ்டாங்கின் மீட்டருக்கு டேங்க் காலி என்றால் 73 ஓம், நிரம்பினால் 10 ஓம். சந்தையில் கிடைக்கும் செல்களில் பல 0-90 ஓம் சென்டர் யூனிட்டோடு (டேங்க்கிலிருந்து அளவை மீட்டருக்கு அனுப்பும் கருவி) வருகின்றன, அது ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் அளவு. காலி என்றால் 0. இரண்டையும் இணைத்தால் பெட்ரோல் தீரத் தீர முள் 'ஃபுல்' பக்கம் ஏறும். வீடியோவில் "பாருங்க, ஃபுல் டேங்க்" என்று காட்டுகிறாரே, அந்த முள் எதைச் சொல்கிறது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஃபோம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அது பெட்ரோல் அலையாமல் இருக்கவும், ஆவி ஒரே வெடிப்பாகப் பற்றாமல் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கவும். ஆனால் சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் ஆல்கஹாலில் நாளாக நாளாக மக்கும். நம் ஊர் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மக்கிய ஃபோம் துகளாகி முதலில் ஃபில்டரை அடைக்கும், பிறகு கார்பரேட்டர் ஜெட்டை. பிளேட்டைத் திறந்து வருடம் ஒருமுறை ஃபோமைக் கிள்ளிப் பாருங்கள். விரலில் பொடியாக ஒட்டினால் மாற்றுங்கள். "ஃபோமை எடுத்துவிட்டால் இரண்டு லிட்டர் கூடப் பிடிக்குமே" என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

"ரோட்டில் ஓட்டும் காருக்கு இவ்வளவு தேவையா?" நியாயமான கேள்வி. தேவையில்லை. ரேஸ் டிராக்குக்குப் போகாத கார் என்றால் செல்லே வேண்டாம். புது டேங்க், புது ஹோஸ், பின்சீட்டுக்குப் பின்னால் தகடு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பை மாற்றும் செலவும் மிச்சம். நான் தொடக்கத்திலிருந்து சொல்வது இதைத்தானே? ஒரிஜினல் தன்மை கெட்டுவிடும் என்பவர்களுக்கும் அதே பதில்தான். தகட்டை சீட் மறைத்துவிடும், ஸ்க்ரூவில் பிடித்தால் நாளைக்குக் கழற்றிக்கொள்ளலாம்.

ஆனால் "60 வருஷமா ஓடுற வண்டிதானே, ஒண்ணும் ஆகலையே" என்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. 1964 மே 24, அமெரிக்காவின் சார்லட் ரேஸ் டிராக். ரேஸ் டிரைவர் ஃபயர்பால் ராபர்ட்ஸ் மோதலில் தீக்காயம் பட்டு ஜூலை 2 அன்று இறந்தார். அதே வருடம் மே 30, இண்டியானாபொலிஸ் ரேஸ். இரண்டாவது சுற்றிலேயே டேவ் மெக்டொனால்டும் எட்டி சாக்ஸும் தீயில் போனார்கள். அவர்களும் அதற்கு முந்தின ரேஸ் வரை ஒன்றும் ஆகாமல் ஓட்டியவர்கள்தான். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகுதான் ஃபயர்ஸ்டோன் மாதிரி டயர் கம்பெனிகள் ரேஸ் காருக்கு ரப்பர் பையைக் கொண்டுவந்தன, 1970இல் ஃபார்முலா ஒன்றில் கட்டாயமானது. இந்தப் பொருள் அப்படி வந்தது. அதை டிக்கிக்கு அலங்காரமாக வைத்து லைக் வாங்குவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது, வேறென்ன சொல்ல.

பின்னால் இடித்தால் டேங்க் தீப்பிடிக்கும் என்பதற்காக 1978இல் ஃபோர்டு 15 லட்சம் பின்டோ, பாப்கேட் கார்களைத் திரும்ப அழைத்தபோது டேங்க்கை மாற்றவில்லை. டேங்க்குக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பும், சுலபத்தில் பிடுங்கிக்கொள்ளாத நீளமான கழுத்தும் கொடுத்தார்கள். நடுவில் என்ன இருக்கிறது, அதுதான் அங்கேயும் கேள்வி.

"குறை சொல்வது சுலபம், நீ ஒன்று செய்து காட்டு" என்கிறார்கள். மேலே எழுதியிருப்பதெல்லாம் அளவோடு, கனத்தோடு, போல்ட் தரத்தோடு இருக்கிறது. எடுத்துச் செய்துகொள்ளுங்கள், என் பெயரைக்கூடப் போட வேண்டாம். அந்த வேலைக்கு அந்தக் கடை வாங்கியிருக்கும் பணத்துக்கு ஒரு தகடும் ஒரு டப்பா ரிவெட்டும் பெரிய செலவா? பையின் தேதி அச்சைக் காட்டச் சொல்லி அந்தக் காரின் சொந்தக்காரர் கேட்டிருந்தால் காட்டியிருப்பார்களா?

வீடியோவின் கடைசி அரை நிமிடத்தை மறுபடி பாருங்கள். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து கையாட்டுகிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சீட் பஞ்சு, அதன் பின்னால் அட்டை, அதன் பின்னால் ஆவி நிரம்பிய டிக்கி. காரின் சொந்தக்காரர் இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள்: பெட்ரோலை வடித்துவிட்டுப் பின்சீட்டைக் கழற்றி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். அங்கே தகடு இருந்தால் இந்தப் பதிவில் அதைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நீக்கிவிட்டு, அந்தப் போட்டோவை மேலே வைக்கிறேன். இல்லையென்றால், அடிக்கிற வரைக்கும் பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.